நின்ற இடத்தில் நின்ற சக்கரம்

புது ரிம் காகிதச் சுற்றலோடு பட்டறை வாசலில் வந்து இறங்கியதும், பக்கத்துக் கொட்டகை வெல்டர் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன கம்பி, மாப்ளைக்கு வளையல் வாங்கியிருக்கே போல?"

"ஆமா. உனக்கும் ஒண்ணு வேணும்னா சொல்லு. கழுத்துல மாட்டி விடுறேன்."

கம்பி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஆளும் ஒல்லி, செய்கிற வேலையும் கம்பிச் சக்கர வேலை. இரண்டும் சேர்ந்து அந்தப் பெயரை அவன் மேல் ஒட்ட வைத்துவிட்டன. மோட்டார் சைக்கிளின் மற்ற வேலைகளைத் தெருவுக்கு நாலு பேர் செய்வார்கள். சக்கரம் கோணினால், ரிம் நசுங்கினால், கம்பி தெறித்தால் அந்த நாலு பேருமே வண்டியை இவனிடம்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். அந்தத் திமிர் அவனுக்கு உண்டு. சும்மா சொல்லக் கூடாது, கைவேலை சுத்தம். திமிருக்குத் தீனி போட்டதே அதுதான்.

வண்டி, பட்டறையின் பின்சுவர் ஓரமாகத் தார்ப்பாய் போர்த்தி ஒரு மழைக்காலம் முழுக்க நின்றிருந்தது. தங்கை புருஷனுடைய வண்டி. வளைவில் போய்ச் சாலை நடுத்திட்டில் மோதியதில் முன்சக்கர ரிம், மிதித்த தகர டப்பா மாதிரி உள்வாங்கியிருந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கு இரண்டும் பின்னால் மடங்கியிருந்தன. மாப்பிள்ளையின் இடது காலும் ஏறக்குறைய அந்தக் கதிதான். கால் ஒட்டிவிட்டது, நடை ஒட்டவில்லை.

மாப்பிள்ளை குழாய்க் கிடங்கில் லாரி ஏற்றி இறக்குகிற ஆள். ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பான். பெண் குழந்தை பிறந்த பிறகு விட்டான். விட்டவன் விட்டவன்தான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோதுதான் வண்டியோடு விழுந்தான். ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிய ஸ்பிரிட் வாடை அவன் மேலெல்லாம் அடித்தது. தங்கை அந்த வாடையோடு வெளியே வந்து அண்ணனைத்தான் கேட்டாள்.

"அண்ணா, வண்டி ஆடுச்சு, அதான் விழுந்தேன்னு சொல்றாரு. வண்டியில ஏதாவது கோளாறு இருக்குமா?"

கம்பி வண்டியை அப்போது கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை.

"அது நான் கட்டுன சக்கரம்மா. கோளாறு வண்டியில இல்ல" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். மிச்சத்தை அவளே நிரப்பிக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். "குடிச்சதுகூடப் பெருசில்லண்ணா. குடிக்கலன்னு என் முகத்தைப் பாத்துப் பொய் சொல்றாரு பாரு, அந்த ஆளோட என்னால இருக்க முடியாது" என்றாள். மாப்பிள்ளை கட்டுப் போட்ட காலோடு ஆள் மேல் ஆள் விட்டான், போனில் அழுதான். குடிக்கவே இல்லை என்பதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஒத்துக்கொண்டால் வருகிறேன் என்று இவளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊன்றுகோலோடு வந்து வாசலில் நின்றான். "ஆமா, குடிச்சேன். தப்புதான்" என்றான். தங்கை அழுதாள். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டினாள். கம்பிக்கு மனது குளிர்ந்துபோயிற்று. மாப்பிள்ளையின் முதுகில் தட்டி, "இப்பதான்யா நீ ஆம்பள. இதை அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு கூத்து எதுக்கு?" என்றான். மாப்பிள்ளை செருப்பை மாட்டுவதற்கே படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வண்டியைத் தன் கையாலேயே புதுசாக்கித் தருகிறேன் என்று கம்பி வாய் விட்டிருந்தான்.

ஃபோர்க்கை நிமிர்த்துவதற்கு லேத் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, சக்கர வேலையை எடுத்தான். நசுங்கிய ரிம்மை அறுத்துப் போட்டான். நடு டிரம் பழையதே. அதற்குள் அச்சின் மேல் சக்கரத்தைச் சுழலவிடும் இரண்டு பேரிங்குகளும் விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவனே போட்டவை என்பதால் திறந்து பார்க்கவில்லை. புதுக் கம்பிகளைப் பின்னி, ரிம்மை ஏற்றி, கோட்டம் எடுத்தான். இடது பக்கம் இழுத்தால் வலதைத் தளர்த்து, மேலே தூக்கினால் கீழே இறுக்கு. கோட்டம் எடுக்கும்போது அவன் யாரிடமும் பேச மாட்டான். விளிம்பின் ஓரமாக ஒரு ஆணி முனையை வைத்துச் சுற்றினால், ஆணிக்கும் ரிம்முக்கும் நடுவே வெளிச்சம் ஒரே கோடாக ஓடவேண்டும். ஓடியது. பழைய டயர் நன்றாகத்தான் இருந்தது. அதையே ஏற்றிக் காற்றடித்தான்.

அடுத்தது பேலன்ஸ். எப்போதும் சக்கரத்தை வண்டியில் மாட்டி, நட்டை முறுக்கி, அப்படியேதான் பேலன்ஸ் பார்ப்பான். கழற்றி மாட்டுகிற வேலை மிச்சம். இன்று ஃபோர்க்கு இல்லை. அதனால் இரண்டு இரும்பு முக்காலிகளை நெருக்கிப் போட்டு, அச்சின் இரண்டு முனையையும் அவற்றின் மேல் உட்காரவைத்து, நட்டு எதுவும் போடாமல் சக்கரத்தை லேசாகத் தட்டி விட்டான். கனமான பக்கம் எதுவோ அது தானாகக் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே, மேலே இருக்கிற கம்பியில் ஈயத் தகட்டைச் சுற்றவேண்டும். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே அசையாமல் நிற்கிறவரை சுற்றவேண்டும். அப்படி நின்றால் சக்கரம் சமம்.

சக்கரம் விருட்டென்று ஒரு பக்கம் சாய்ந்து, ஊஞ்சல் மாதிரி ஆடி நின்றது. சக்கரத்தில் ஒரு இடம் நல்ல கனம். ஈயம் சுற்றினான். போதவில்லை. இன்னும் சுற்றினான்.

"டேய், ஒரு பாளம் ஈயத்தை ஏத்துறியே. சக்கரமா, எடைக்கல்லா?" என்றார் வெல்டர்.

கம்பிக்கும் ஆச்சரியம்தான். போன முறை பேரிங்கோடு சேர்த்து இதே டயரையும் புதுசாகப் போட்டபோது ஒரு துளி ஈயம்கூடத் தேவைப்படவில்லை. விட்ட இடத்தில் நின்றது. 'டயர்னா இதான் டயர், தட்டுல வச்ச மாதிரி நிக்குது' என்று மாப்பிள்ளையிடம் பெருமையடித்தது ஞாபகம் இருந்தது. புது ரிம்மின் கோளாறாக இருக்கும் என்று அதை அங்கேயே விட்டான்.

மத்தியானம் ஃபோர்க்கு வந்தது. சக்கரத்தை மாட்டி, அச்சு நட்டை முழுப் பலத்தோடு முறுக்கினான். பிரேக் கம்பியைக்கூட இன்னும் கோக்கவில்லை. சும்மா ஒரு சுற்றுச் சுற்றி விட்டான். நின்றது. வேறு இடத்தில் நிறுத்தினான். நின்றது. திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் தரையில் ஒரு ஈயத் தகடு கிடப்பதைப் பார்த்தான். இடுக்கியால் நன்றாக நெரிக்காமல் விட்ட தகடு, கழன்று விழுந்திருக்கிறது. கணக்குப்படி சக்கரம் இப்போது சாய்ந்திருக்க வேண்டும். சாயவில்லை.

இன்னொரு தகட்டையும் கழற்றினான். சக்கரம் அசையவில்லை. எல்லாவற்றையும் கழற்றினான். அப்போதும் மாடு மாதிரி நின்றது. பெரிய ரிங் ஸ்பானரை எடுத்து, பக்கவாட்டில் ஒரு கம்பியில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டான். அவ்வளவு கனத்துக்கும் சக்கரம் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

வெல்டர் எழுந்து வந்து பார்த்தார். "இது என்னடா மாயம்?"

கம்பி அச்சு நட்டைத் தளர்த்தினான். ஸ்பானர் சரேலென்று கீழே இறங்கி, ஆடி, அடியில் போய் நின்றது. மறுபடி முறுக்கினான். ஸ்பானரைத் தூக்கிப் பக்கவாட்டில் வைத்தான். அங்கேயே நின்றது. தளர்த்தினான். விழுந்தது. முறுக்கினால் நிற்கிறது, தளர்த்தினால் விழுகிறது. பேரிங்கை ஏதோ கவ்விப் பிடிக்கிறது.

சக்கரத்தை இறக்கி, பேரிங் இரண்டையும் தட்டி எடுத்தான். உள்ளே குண்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. கிரீஸ் கருகித் தாராகியிருந்தது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பேரிங் நசுங்காமல் முட்டுக் கொடுப்பது அதன் வேலை. அந்தக் குழாய் உள்ளங்கையில் வந்து விழுந்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கம்பெனிக் குழாய் இல்லை. அவன் அறுத்தது. பேரிங் மாற்றிய அன்று பழைய குழாயின் வாய் சுத்தியடியில் சப்பளிந்துபோயிருந்தது. கடைக்குப் போய் வாங்கச் சோம்பலாக இருந்தது. ஒரு துண்டுக் குழாயை எடுத்துக் கண்ணளவில் அறுத்து, அரம் போட்டு உள்ளே தள்ளியிருந்தான். இருபத்தைந்து வருஷக் கண், அளவுகோல் எதற்கு?

இப்போது அளவுகோல் வைத்தான். நகக்கண் கனம் குறைவு.

அந்த நகக்கண் கனம்தான் பேரிங்கை நசுக்கிப் பிடித்திருக்கிறது. அது பிடித்ததால்தான் சக்கரம் நின்ற இடத்தில் நின்றிருக்கிறது. சமமாக இருந்ததால் நிற்கவில்லை, நகர முடியாமல் நின்றிருக்கிறது. கனம் புது ரிம்மில் இல்லை, டயரில்தான்; அதை அன்று இந்தப் பிடி அப்படியே மூடி மறைத்துவிட்டது. பட்டறையில் மறைந்த கனம் சாலையில், வேகத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குத்துக் குத்தியிருக்கும்.

விழுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வந்து சொன்னான். ஒரு தடவை இல்லை.

முதல் தடவை, "மச்சான், வேகம் எடுத்தா ஹேண்டில் ஆடுது" என்றான். அப்போது கம்பி வெல்டரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "வண்டி ஆடல மாப்ள, ஓட்டுறவரு ஆடுறாரு" என்றான். பட்டறையே சிரித்தது. மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தான். பழைய குடிகாரன், சிரிக்காமல் என்ன செய்வான்? அடுத்த தடவை வந்து, "நடு டிரம் கை வைக்க முடியாம சுடுது மச்சான்" என்றான். பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்து அனுப்பினான். அதற்கப்புறம் அவன் வரவில்லை. விழுந்தான்.

"பேரிங் போச்சா?" என்று வெல்டர் கேட்டார்.

"போச்சு" என்றான் கம்பி. குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கையைக்கூடக் கழுவாமல் தெருவில் இறங்கினான்.

தங்கை வீடு மாடியில். இரண்டு அறை. அவள் மெத்தை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை தரையில் படம் கிறுக்கிக்கொண்டிருந்தது.

"என்னண்ணா, கையெல்லாம் கிரீஸோட? சுவரைத் தொட்டுறாத, இப்பதான் சுண்ணாம்பு அடிச்சோம்."

அவன் உட்காரவில்லை. குழாயை எடுத்து நீட்டினான். எல்லாவற்றையும் சொன்னான். நட்டு, பேரிங், ஸ்பானர் என்று முன்பின்னாகக் கொட்டினான். தொழில் விஷயம் அவளுக்குப் புரியாது என்று பயந்து, அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். கடைசியில், "தப்பு என் மேலதாம்மா. வண்டிதான் ஆடியிருக்கு. மாப்ள குடிச்சிருக்கவே மாட்டாரு" என்றான்.

தங்கை மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவருதான் ஒத்துக்கிட்டாரே."

"நீ வரணுங்கிறதுக்காக ஒத்துக்கிட்டிருப்பாரு."

அவள் அண்ணனை ஒரு கணம் பார்த்தாள். முகம் இளகியது. "உன்னை எனக்குத் தெரியாதாண்ணா? அவரு நொண்டுறதைப் பாக்குறப்பெல்லாம் உனக்குத் தாங்கல. பழிய உன் தலையில போட்டுக்கிட்டு அவரை நிமிர்த்திவிடப் பாக்குற. அப்பாவும் இப்படித்தான், அடுத்தவன் உடைச்ச பானைக்குத் தான் திட்டு வாங்குவாரு."

"ஐயோ, இல்லம்மா. இந்தா, இந்தக் குழாயைப் பாரு."

"குழாயைப் பாத்து நான் என்னத்தக் கண்டேன்? அன்னைக்குக் கேட்டப்ப ஒரே வார்த்தையில சொன்னே. இன்னைக்கு இவ்வளவு நேரமா சொல்ற. எது உண்மைன்னு எனக்குத் தெரியும்."

படிக்கட்டில் ஒற்றைக்கால் இழுபடும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வந்துவிட்டான். கிடங்கில் இப்போது அவனுக்குக் குழாய் தூக்குகிற வேலை இல்லை. வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் பார்க்கிற வேலை. நிலைப்படியில் நின்றான், உள்ளே வரவில்லை. தங்கை எழுந்து அவன் எதிரே போனாள். அவன் தலையைக் குனிந்து, வாயைத் திறந்து, அவள் முகத்துக்கு நேரே 'ஹா' என்று ஊதினான். அவள் தலையசைத்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். காலைத் துடைத்துக்கொண்டு வருகிற மாதிரி, அவ்வளவு பழக்கமாக இருந்தது அது. குழந்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கம்பி சுவரில் சாய்ந்தான். புதுச் சுண்ணாம்பில் கிரீஸ் அப்பியது. யாரும் கவனிக்கவில்லை.

"வா மச்சான்" என்றான் மாப்பிள்ளை. பிறகு கம்பியின் கையிலிருந்த குழாயைப் பார்த்தான். கிடங்கில் பொழுதெல்லாம் குழாயோடு புரண்டவன். பேரிங் மாற்றிய அன்று பட்டறைத் திண்டில் உட்கார்ந்து, கம்பி அதை அறுப்பதைப் பார்த்துக்கொண்டும் இருந்தவன். பார்த்த மாத்திரத்தில் அவன் முகத்தில் ஏதோ வந்து போனது.

"ஏங்க" என்றாள் தங்கை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் மடித்த உறையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். "அண்ணன் என்னமோ சொல்லுது. வண்டிதான் கோளாறாம், நீங்க அன்னைக்குக் குடிக்கவே இல்லையாம். என்னைப் பாத்துச் சொல்லுங்க. குடிச்சீங்களா, இல்லையா?"

மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். சொல்லுடா, என்னைக் காறித் துப்பு, சொல்லு என்று கம்பி உள்ளே மன்றாடினான்.

"குடிச்சேன்" என்றான் மாப்பிள்ளை. "அதான் ஒத்துக்கிட்டேனே. மச்சானுக்கு மனசு கேக்கல, ஏதோ சொல்லுது. நீ அதையெல்லாம் காதுல போட்டுக்காத."

தங்கையின் கை தளர்ந்தது. "பாத்தியா?" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பால் தீந்துபோச்சு. போய் வாங்கிட்டு வாங்க. அண்ணாவுக்கும் டீ போடுறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணா, நீயும் கூடப் போய்ட்டு வந்துடேன். முக்குல அந்தப் பிராந்திக் கடை இருக்கு" என்றாள்.

இருவரும் தெருவுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை இழுத்து இழுத்து நடந்தான். கம்பி தன் நடையைக் குறைத்துக்கொண்டான்.

"ஏன்யா அப்படிச் சொன்னே?"

"வேற எப்படிச் சொல்லச் சொல்ற?" மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடியே பேசினான். "குடிக்கல குடிக்கலன்னு உண்மையச் சொல்லிட்டு அந்த வீட்டுல தனியாக் கிடந்தேன். கக்கூஸுக்குத் தவழ்ந்து போவேன். ஒரே ஒரு பொய் சொன்னேன், அன்னைக்கே பெட்டியோட வந்துட்டா. இப்ப போய் அது பொய்னு சொன்னா, பொய் சொல்லித்தானே வரவச்சேன்னு மறுபடியும் பெட்டியக் கட்டுவா. அவளுக்குக் குடிக்கிறவன்கூட ஆகும், பொய் சொல்றவன் ஆகாது."

"நான் அவகிட்ட நல்லா எடுத்துச் சொல்றேன். வெல்டரைக் கூட்டிட்டு வந்து…"

"மச்சான்." மாப்பிள்ளை நின்றான். "உனக்கு மனசு பாரமா இருக்கு. அதை எறக்கி வைக்க வந்திருக்கே. வச்சுக்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கு என் வீட்டைக் குடுக்க முடியாது."

"நீ வந்து சொன்னப்பவே நான்…"

"சொன்னப்ப நீ சிரிச்சே. நானும் சிரிச்சேன். விடு."

அவன் திட்டியிருக்கலாம். அந்தக் குழாயைப் பிடுங்கி முகத்தில் அடித்திருக்கலாம். கம்பி அதற்காகத்தான் கொஞ்ச தூரம் அவனை ஒட்டியே நடந்து பார்த்தான். மாப்பிள்ளை பால் கடைக்காரனிடம் சில்லறை நீட்டிக்கொண்டிருந்தான்.

"வண்டிய மட்டும் நல்லாப் பண்ணிக் குடு" என்றான் திரும்பி. "அளந்து போடு."

"ம்."

பால் பையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது கம்பி மேலே பார்த்தான். தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவளுக்குத் தெரியும்படி, மாப்பிள்ளையை மறைக்காமல், பக்கத்திலேயே அவன் நடந்தான்.